ஆர்செனல் 2024-25: ஆள் சேர்ப்பும் ஆட்டமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022-23-ல் 84 புள்ளி, 2023-24-ல் 89, 2024-25-ல் 74. மூன்று சீசனிலும் லண்டன் கால்பந்து கிளப் ஆர்செனலுக்கு இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் இரண்டாம் இடம்தான். முதல் இரண்டில் ரசிகர்கள் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். மூன்றாவதில் முடியவில்லை. ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்கும் முன்வரிசை ஆள்) வாங்காதது தப்பா, ஆட்களை விற்றது தப்பா, பயிற்சியாளர் ஆர்டெட்டா இருப்பவர்களை ஆடவைத்த விதம் தப்பா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தச் சண்டையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில். தனியாகச் சொல்லாத இடங்களில் எண்கள் எல்லாம் பிரீமியர் லீக் ஆட்டங்களுக்கு மட்டுமே.

ஸ்ட்ரைக்கர் இல்லாததால்தான் பட்டம் போனதா?

பாதி உண்மை. கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஸ்ட்ரைக்கர் இடத்தில் ஆடிய காய் ஹாவெர்ட்ஸ் 2025 பிப்ரவரியில் துபாய் பயிற்சி முகாமில் ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை) கிழிந்து விழுந்தார். அதுவரை 24 ஆட்டம், 50 புள்ளி, 49 கோல். அதற்குப் பிறகு 14 ஆட்டம், 24 புள்ளி, 20 கோல். ஆட்டத்துக்கு 2.08 புள்ளியாக இருந்தது 1.71-க்கு இறங்கியது. கோல் 2.04-லிருந்து 1.43. அடி பலமாகத்தான் விழுந்திருக்கிறது.

ஆனால் அந்த 2.08-ஐ 38-ஆல் பெருக்குங்கள். 79 வரும். லிவர்பூல் பட்டம் வென்றது 84 புள்ளியில். அதாவது, ஹாவெர்ட்ஸ் கடைசிவரை நல்லபடியாக ஆடி, அணி அதே வேகத்தில் போயிருந்தாலும் ஐந்து புள்ளி குறைவு. பிப்ரவரிக்கு முன்பே வண்டி பின்தங்கிவிட்டது. "ஒரு ஸ்ட்ரைக்கர் இருந்திருந்தால்" என்று சொல்பவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்வதே இல்லை.

இன்னொரு திருத்தமும் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களுக்காக முக்கிய ஆட்கள் சிலருக்கு லீக்கில் ஓய்வு கொடுக்கப்பட்டது. 1.71-க்கு இறங்கியதில் அதற்கும் பங்குண்டு.

பின்னே புள்ளிகள் எங்கே போயின?

முன்னிலை எடுத்துவிட்டுக் கோட்டைவிட்ட ஆட்டங்களில். அப்படிப் பத்து ஆட்டம். பிரைட்டனோடு இரண்டு முறையும், மான்செஸ்டர் சிட்டியோடும் செல்சீயோடும் எவர்ட்டனோடும் அவர்கள் மைதானத்தில், சொந்த மண்ணில் லிவர்பூல், ஆஸ்டன் வில்லா, பிரென்ட்ஃபோர்ட், கிரிஸ்டல் பேலஸ் ஆகியவற்றோடு. இந்த ஒன்பதும் டிரா. பத்தாவது, மே மாதம் சொந்த மண்ணில் போர்ன்மவுத்திடம் 1-2 தோல்வி. வெற்றிக்கு மூன்று புள்ளி, டிராவுக்கு ஒன்று. ஆக, பறிபோனது ஒன்பது இரண்டு பதினெட்டு, அதோடு மூன்று: 21 புள்ளி. லிவர்பூலோடு இருந்த இடைவெளி 10.

இதில் பிரைட்டன், சிட்டி ஆட்டங்களில் முன்னிலையில் இருக்கும்போதே சிவப்பு அட்டை விழுந்தது. டெக்லன் ரைஸும் ட்ரொசார்டும் பந்தைத் தட்டிவிட்டு ஆட்டத்தைத் தாமதித்ததற்காக இரண்டாவது மஞ்சள் வாங்கினார்கள். நடுவர் கடுமையாக நடந்துகொண்டார் என்று வாதாடலாம். ஆனால் ஆகஸ்ட் 31 அன்று ஒருவருக்கு நடந்தது செப்டம்பர் 22 அன்று இன்னொருவருக்கும் நடந்தால் அது பயிற்சி அறையில் கவனிக்காமல் விட்ட விஷயம்.

மீதி எட்டில் சிவப்பு அட்டையைச் சாக்குச் சொல்ல முடியாது. வில்லாவுக்கு எதிராக 2-0 முன்னிலை 2-2 ஆனது. 65-வது நிமிடத்துக்கு மேல் முன்னால் பந்தைப் பிடித்துவைக்கவும் எதிரணியின் முதுகுக்குப் பின்னால் ஓடிப் பயமுறுத்தவும் புது ஆள் தேவை. அப்படி ஒருவர் இல்லையென்றால் எதிரணியின் பின்வரிசை முழுக்க மேலேறி வந்துவிடும், நம் பின்வரிசை தன் பெனால்டி பெட்டிக்குள் இறங்கிவிடும், அடித்து வெளியேற்றும் பந்து ஐந்து விநாடியில் திரும்பி வரும். அந்த ஆட்டங்களை மறுபடி போட்டுப் பார்த்தால் இதுதான் தெரிகிறது. குறை முதல் பதினொன்றில் அல்ல, பெஞ்சில்.

2024 கோடையில் அப்படி என்ன தப்பு நடந்தது?

முன்வரிசைக்கு ஆடக்கூடிய நால்வர் போனார்கள். எமில் ஸ்மித் ரோ ஃபுல்ஹாமுக்கு, எடி என்கெட்டியா கிரிஸ்டல் பேலஸுக்கு விற்பனை. ரீஸ் நெல்சன் ஃபுல்ஹாமுக்கு, ஃபாபியோ வியேரா போர்ட்டோவுக்கு லோன், அதாவது தற்காலிகமாக. வந்தவர் ஒருவர், செல்சீயிலிருந்து லோனில் ரஹீம் ஸ்டெர்லிங். எடுத்த மற்றவர்கள் கலஃபியோரி, மெரினோ, ராயா, நெட்டோ: பின்வரிசை, நடுவரிசை, கோல்கீப்பர்கள்.

பெயர்களை எண்ணுவதைவிட நிமிடங்களை எண்ணுவது நல்லது. ஆர்செனல் அந்த சீசனில் ஆடியது 58 ஆட்டம்: லீக் 38, சாம்பியன்ஸ் லீக் 14, லீக் கோப்பை 5, எஃப்ஏ கோப்பை 1. முன்வரிசையில் மூன்று இடம். 58 × 90 × 3 = 15,660 நிமிடம். காயமே படாத முதல்தர முன்வரிசை ஆட்டக்காரர் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 3,500 நிமிடம் கொடுத்தாலே பெரிய விஷயம். மூன்று பேர் அப்படிக் கொடுத்தால் 10,500. மீதி 5,000 நிமிடத்துக்கு மேல் யாராவது ஆடியாக வேண்டும். அதோடு மூவரில் ஒருவர் மூன்று மாதம் படுப்பார் என்று எடுத்துக்கொண்டால் இன்னும் ஆயிரத்துக்கு மேல் சேரும். இந்தத் துண்டு விழுவதை அடைக்க சாகா, மார்டினெல்லி, ஹாவெர்ட்ஸுக்கு அடுத்து ட்ரொசார்ட், முழங்காலோடு பழைய கணக்கு உள்ள ஜீசஸ், ஸ்டெர்லிங், 17 வயது நுவானேரி. தாளில் ஏழு பேர். நம்பி நிமிடம் கொடுக்கக்கூடியவர்கள் நாலரை.

விற்றது தப்பில்லை என்பது எங்கள் கருத்து. ஸ்மித் ரோவுக்கும் என்கெட்டியாவுக்கும் ஆட்டம் வேண்டும், கிளப்புக்குப் பணம் வேண்டும். விற்ற இடத்தை நிரப்பாமல் விட்டதுதான் தப்பு. என்கெட்டியா போனதும் ஸ்டெர்லிங் வந்ததும் ஆட்டக்காரர் பரிமாற்றச் சந்தை மூடிய ஆகஸ்ட் 30-ஐ ஒட்டி. கடைசி நாளில் தேடினால் மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியவர்தான் கிடைப்பார்.

சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர்களையே ஏன் விற்கிறார்கள்?

கணக்குப் புத்தகம் அப்படி. ஒருவரை 6 கோடி பவுண்டுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினால், செலவு வருடத்துக்கு 1.2 கோடி என்று பிரித்து எழுதப்படும். இரண்டு வருடம் கழித்து அவரை 4 கோடிக்கு விற்றால், புத்தகத்தில் பாக்கி மதிப்பு 3.6 கோடி, லாபம் வெறும் 40 லட்சம். பள்ளியில் வளர்ந்தவருக்குப் புத்தக மதிப்பே கிடையாது. என்கெட்டியாவுக்குச் சுமார் 2.5 கோடி வந்தது என்றால் அத்தனையும் அந்த வருட லாபம்.

அப்போதைய பிரீமியர் லீக் விதிப்படி ஒரு கிளப் மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது. மீறினால் புள்ளி பறிபோகும். 2023-24-ல் எவர்ட்டனும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டும் அப்படி இழந்தன. ஆகவே எல்லா கிளப்பும் முதலில் கை வைப்பது சொந்தப் பிள்ளைகள் மேல். கசப்பான விதி. ரசிகர்களின் கோபம் நியாயமானது, ஆனால் கோபப்பட வேண்டியது விதியை எழுதியவர்கள் மேல்.

ஜீசஸுக்கும் காயம் ஆனபின் ஜனவரியில் ஒருவரை லோனில் எடுத்திருக்கலாமே?

ஜீசஸ் 2025 ஜனவரி 12 அன்று எஃப்ஏ கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். சந்தை மூடியது பிப்ரவரி 3. மூன்று வாரம் இருந்தது.

இங்கே பலருக்குத் தெரியாத முட்டுக்கட்டை ஒன்று: ஒரு பிரீமியர் லீக் கிளப், மற்ற பிரீமியர் லீக் கிளப்புகளிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பேரைத்தான் லோனில் வைத்திருக்கலாம். ஒரே கிளப்பிலிருந்து என்றால் ஒருவர்தான். ஆர்செனலுக்கு ஸ்டெர்லிங் ஒரு இடம், போர்ன்மவுத்திலிருந்து வந்த மாற்று கோல்கீப்பர் நெட்டோ இன்னொரு இடம். இரண்டும் நிரம்பிவிட்டன. உள்ளூரில் இன்னொருவரை லோனில் எடுக்க வேண்டுமானால் இவர்களில் ஒருவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். வெளிநாட்டு லோனுக்கு இந்தத் தடை கிடையாது, விலைக்கு வாங்குவதற்கும் கிடையாது. ஆலி வாட்கின்ஸைக் கேட்டு வில்லா மறுத்துவிட்டது என்று அப்போது செய்தி வந்தது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

ஆகஸ்டில் அவசரமாக எடுத்த இரண்டு லோன்கள் ஜனவரியில் கையைக் கட்டிப்போட்டன. விளையாட்டு இயக்குநர் எடு நவம்பரிலேயே விலகிவிட்டார், அவருக்குப் பதிலாக ஆந்திரேயா பெர்தா வந்தது மார்ச் இறுதியில். சந்தை திறந்திருந்த மாதம் முழுக்க அந்த நாற்காலியில் நிரந்தரமாக யாரும் இல்லை. காயத்தைத் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். இதை விட முடியாது.

ஸ்டெர்லிங் ஏன் எடுபடவில்லை?

லீக்கில் ஒரு கோல்கூட இல்லை. மொத்த சீசனில் ஒரே ஒரு கோல், அதுவும் லீக் கோப்பையில் போல்ட்டனுக்கு எதிராக. அவருடைய பலமே எதிரணிப் பின்வரிசைக்குப் பின்னால் ஓடித் தூரக் கம்பத்தில் தட்டிவிடுவது. ஆர்செனலுக்கு எதிராக எல்லோரும் பெட்டி ஓரத்தில் பத்துப் பேரை நிறுத்துகிறார்கள், ஓட இடமே இல்லை. பக்கவாட்டில் நின்று ஒற்றை ஆளைத் தாண்டும் முதல் அடி வேகம் 29 வயதில் அவரிடம் குறைந்திருந்தது. லோன் விதிப்படி செல்சீக்கு எதிரான இரண்டு லீக் ஆட்டமும் ஆட முடியாது. வாங்கும்போதே தெரிந்த விஷயங்கள்தான் இவை.

சாகா இல்லாமல் அணி நொறுங்கிவிட்டதா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எண்கள் வேறு சொல்கின்றன. டிசம்பர் 21 அன்று கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் ஹாம்ஸ்ட்ரிங் போய், ஏப்ரல் 1 அன்று ஃபுல்ஹாமுக்கு எதிராகத் திரும்பினார். வந்த அன்றே கோலும் அடித்தார். இடையில் 12 லீக் ஆட்டம்: 7 வெற்றி, 4 டிரா, 1 தோல்வி. 25 புள்ளி. ஆட்டத்துக்கு 2.08. மொத்த சீசன் சராசரியோ 1.95.

ஆனால் கோல் குறைந்தது. அந்த 12-ல் 19, அதாவது ஆட்டத்துக்கு 1.58. மற்ற 26-ல் 50 கோல், 1.92. அந்த 19-லும் ஐந்து ஒரே நாளில், சிட்டிக்கு எதிராக வந்தவை. அதைக் கழித்தால் 11 ஆட்டத்தில் 14. பின்வரிசை தாங்கிப் பிடித்ததால் புள்ளிக் கணக்கில் ஓட்டை தெரியாமல் போனது.

மிகவும் பாதித்தது வேறொருவர் இல்லாதது. நடுவரிசைக்காரர் மார்ட்டின் ஓடகார்ட் செப்டம்பரில் நார்வேக்காக ஆடும்போது கணுக்காலில் அடிபட்டார். அவர் இல்லாத ஏழு லீக் ஆட்டத்தில் 3 வெற்றி, 2 டிரா, 2 தோல்வி. 21-ல் 11 புள்ளி. ஆட்டத்துக்கு 1.57. சாகாவுக்கு மாற்றாக நுவானேரியையாவது நிறுத்தலாம். ஓடகார்ட் இடத்துக்கு அந்த மாதங்களில் நிறுத்த யாரும் இல்லை. ஸ்மித் ரோவும் வியேராவும் ஆடக்கூடிய இடம் அதுதான் என்பதைக் கவனிக்கவும். பின்வரிசைக்காரர் சலிபாவின் சிவப்பு அட்டை, சிட்டி, லிவர்பூல் போன்ற கடினமான எதிரணிகள் எல்லாம் அந்த ஏழுக்குள் அடக்கம், ஆகவே முழுப் பழியையும் இதில் போடவும் கூடாது.

ஓடகார்ட் சரிந்துவிட்டாரா?

2022-23-ல் 15 கோல், அடுத்த சீசனில் 8, பிறகு 3. இந்த வரிசையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவர் தனியாக ஆடுபவர் அல்ல. வலப்பக்கத்தில் பென் வைட், ஓடகார்ட், சாகா மூவரும் முக்கோணமாக நகர்வார்கள். வைட் சாகாவைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடுவார், எதிரணியின் இரண்டாவது ஆள் அவரோடு போவார், உள்ளே ஓடகார்டுக்கு ஒரு கஜம் கிடைக்கும். 2024-25-ல் வைட் நவம்பரில் முழங்கால் அறுவைசிகிச்சைக்குப் போனார், சாகா டிசம்பரில் போனார். முக்கோணத்தில் மிஞ்சியது ஒரு முனை. வைட் இடத்தில் ஆடிய டிம்பர் நல்ல பின்வரிசை ஆட்டக்காரர், ஆனால் அவர் உள்ளே வருவார், வெளியே சுற்றுவது குறைவு. பந்து தேடி ஓடகார்ட் பின்னால் இறங்கினார், பெட்டியருகே இருக்க வேண்டியவர் மையக்கோட்டருகே நின்றார். ஷாட்டே அடிக்காமல் தயங்குவதும் கூடியது. அந்தக் குறை அவருடையதுதான், மறைக்க ஒன்றுமில்லை.

நடுவரிசைக்காரர் மெரினோவை ஸ்ட்ரைக்கராக ஆடவைத்தது சரியா?

இருந்த நிலையில் சரி. பிப்ரவரி 15 அன்று லெஸ்டரில் 0-0 என்று இழுத்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் மாற்று ஆளாக வந்து 81, 87-வது நிமிடங்களில் இரண்டு கோல். செல்சீக்கு எதிராகக் கார்னரில் தலையால் ஒன்று. சாம்பியன்ஸ் லீக்கில் ரியல் மாட்ரிடுக்கு எதிராக மூன்றாவது கோல். லீக்கில் மொத்தம் 7.

அவர் ஆறடிக்கு மேல் உயரம், ஓடிவந்து பந்தைச் சந்திக்கும் நேரக்கணிப்பு அபாரம். பக்கவாட்டிலிருந்து வரும் பந்துக்கு இது போதும். போதாதது எங்கே என்றால், எதிரணிப் பின்வரிசை மேலே நிற்கும்போது அவர்களைத் தாண்டி ஓட வேகம் கிடையாது. வெஸ்ட் ஹாமிடம் 0-1, ஃபாரஸ்ட்டோடு 0-0 என்று அடுத்தடுத்து இரண்டு ஆட்டத்தில் கோலே வராதது அதனால். நடுவரிசையிலிருந்து ஓர் ஆள் குறைந்துபோனதும் தனி நஷ்டம். இழுத்து மூடினால் கால் வெளியே தெரியும் போர்வை அது.

25 பேர் பட்டியல் என்கிறார்களே, அது எப்படி?

சந்தை மூடியதும் ஒவ்வொரு கிளப்பும் அதிகபட்சம் 25 பேரைப் பதிவு செய்ய வேண்டும். அதில் உள்நாட்டில் வளராதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. உள்நாட்டில் வளர்ந்தவர் என்பதற்கும் பிறந்த நாட்டுக்கும் சம்பந்தமில்லை. 21 வயதுக்குள் மூன்று சீசன் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் சங்கத்துக்கு உட்பட்ட கிளப்பில் பதிவாகி இருந்தால் போதும். 16 வயதில் ஆர்செனலுக்கு வந்த ஸ்பெயின்காரர் செஸ்க் ஃபாப்ரிகாஸ் அந்தக் கணக்கில் உள்நாட்டுக்காரர்.

21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பட்டியலில் இடமே தேவையில்லை. 2024-25-க்கு எல்லைக்கோடு 2003 ஜனவரி 1. அதற்குப் பிறகு பிறந்த நுவானேரியும் லூயிஸ்-ஸ்கெல்லியும் பட்டியலுக்கு வெளியே நின்று எத்தனை ஆட்டமும் ஆடலாம். ஆகவே பட்டியலில் பெயர் இல்லை என்றதும் கழற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். உண்மையிலேயே கழற்றிவிட்டதற்கு உதாரணம் 2020 அக்டோபரில் ஆர்செனல் நடுவரிசைக்காரர் ஓசில்.

சாம்பியன்ஸ் லீக்கிலும் அதே பட்டியல்தானா?

இல்லை, அங்கே இன்னும் இறுக்கம். 25-ல் எட்டு இடம் உள்ளூர்ப் பயிற்சி பெற்றவர்களுக்கு. அந்த எட்டிலும் நான்கு, அந்தக் கிளப்பிலேயே பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும். ஆள் இல்லையென்றால் இடம் காலி, பட்டியல் சுருங்கும். இளையவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு, ஆனால் 15 வயதுக்குப் பிறகு இடைவிடாமல் இரண்டு வருடம் அதே கிளப்பில் இருந்திருக்க வேண்டும். போன மாதம் வாங்கிய 19 வயதுக்காரர் அதில் வரமாட்டார். லீக் கட்டம் முடிந்தபின் புதிதாக மூன்று பேர் வரை சேர்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளை விற்றுக்கொண்டே போனால் இங்கேதான் முதலில் இடிக்கும்.

16 வயதுப் பையன் எப்படி கோல்கீப்பராக நின்றான்?

லீக் கோப்பையில் போல்ட்டனுக்கு எதிராக, 2024 செப்டம்பர் 25. ராயாவுக்குக் காயம். மாற்று ஆளான நெட்டோ, போர்ன்மவுத்துக்காக அதே கோப்பையில் அந்த சீசனில் ஏற்கெனவே ஆடிவிட்டதால் இன்னொரு கிளப்புக்கு ஆட அனுமதி இல்லை. ராம்ஸ்டேல் சவுத்தாம்ப்டனுக்கு விற்கப்பட்டார், கார்ல் ஹைன் ஸ்பெயினுக்கு லோனில் போய்விட்டார். ஜாக் போர்ட்டர் நின்றார், 5-1 என்று ஜெயித்தார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. தோற்றிருந்தால் பெரிய கூச்சல் ஆகியிருக்கும்.

நுவானேரி, லூயிஸ்-ஸ்கெல்லி இருவரையும் இன்னும் முன்பே ஆடவிட்டிருக்கலாமா?

லூயிஸ்-ஸ்கெல்லியைப் பொறுத்தவரை இல்லை. அவர் நடுவரிசைக்காரர். இடது பின்வரிசையில் நின்று, பந்து நம்மிடம் இருக்கும்போது நடுவே நுழைவதைக் கற்றுக்கொண்டு டிசம்பரில் தொடக்க அணிக்கு வந்தார். நேரம் சரி. நுவானேரி விஷயத்தில் ஆர்டெட்டா தயங்கினார் என்பதே எங்கள் எண்ணம். ஓடகார்ட் இல்லாத ஏழு வாரத்தில் அவரால் ஆடக்கூடிய இடம் காலியாகவே கிடந்தது. பிறகு சாகா விழுந்தபின் வலது விங்கில் விட்டார்கள். லீக்கில் நான்கு கோல் அடித்தார்.

ஒருவர் நன்றாக ஆடுகிறாரா என்று எதை வைத்துச் சொல்வது?

முதலில் நிமிடம். கோலை 90-ஆல் பெருக்கி, ஆடிய நிமிடத்தால் வகுத்தால் 90 நிமிடத்துக்கு எத்தனை என்று வரும். 600 நிமிடத்தில் 4 கோல் என்றால் 0.6. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதில் ஒரு கோல் யார் மேலோ பட்டுத் திரும்பியது என்றால் 0.45 ஆகிவிடும். அதனால் 900 நிமிடத்துக்குக் குறைவாக வைத்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம். மாற்று ஆட்டக்காரர்களின் எண் எப்போதும் கொஞ்சம் ஊதியிருக்கும், எதிரணி களைத்த நேரத்தில்தான் அவர்கள் வருகிறார்கள்.

அடுத்து பெனால்டியைக் கழியுங்கள். பிறகு எக்ஸ்ஜி: ஒரு ஷாட் கோலாகும் வாய்ப்பு, பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள். பெனால்டி சுமார் 0.78. பெட்டிக்கு வெளியே அடிக்கும் பெரும்பாலான ஷாட் 0.05-க்குக் கீழ். ஒரு ஸ்ட்ரைக்கரின் எக்ஸ்ஜி நன்றாக இருந்து கோல் மட்டும் குறைந்தால், சரியான இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்று பொருள், பொறுக்கலாம். எக்ஸ்ஜியே இறங்கினால் அவரைப் பார்ப்பதற்கு முன் அவருக்குப் பந்து கொடுக்க வேண்டியவர்களைப் பாருங்கள். 2024-25-ல் ஹாவெர்ட்ஸ் 9 லீக் கோலோடு ஆர்செனலின் முதல் ஆள். முந்தைய சீசனில் சாகா மட்டும் 16. ஒருவரின் குறையாக இதைப் படிக்கவே முடியாது.

செயலிகள் கொடுக்கும் 7.4, 6.8 மதிப்பெண்ணை நம்பலாமா?

பெரும்பாலும் பந்தைத் தொட்டதற்குத்தான் அவை மதிப்பெண் போடும். சலிபா சரியான இடத்தில் நின்றதால் எதிரணி அந்தப் பக்கம் பந்தையே அனுப்பவில்லை என்றால் அவருக்கு 6.7. தடுமாறிக் கடைசி நொடியில் சறுக்கி எடுத்தவருக்கு 7.9.

ராயா தங்கக் கையுறை வாங்கினாரே, அவர்தான் சிறந்த கோல்கீப்பரா?

13 ஆட்டத்தில் கோல் விடாமல் ஃபாரஸ்ட்டின் செல்ஸோடு பகிர்ந்துகொண்டார். அது பாதி பின்வரிசையின் விருது. கீப்பரை அளக்க, கோலை நோக்கி வந்த ஷாட்டுகளின் கடினத்தையும் விட்ட கோலையும் ஒப்பிட வேண்டும். ராயா அதிலும் தேறுவார், ஆனால் அவரை வைத்திருப்பதன் முக்கியக் காரணம் உயரப் பந்தை வெளியே வந்து பிடிப்பதும், காலால் சரியாகக் கொடுப்பதும்.

2025 கோடையில் ஓட்டையை அடைத்தார்களா?

எட்டுப் பேர் வந்தார்கள். முன்வரிசைக்கு மட்டும் யோக்கெரெஸ், எஸே, மாடுவேக்கே. நடுவே சுபிமெண்டி, நோர்கோர். பின்னால் மொஸ்கேரா, இன்காபியே. கோலுக்குக் கெப்பா. பெரிய பெயர்களைவிட எங்களுக்குப் பிடித்தது ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டாவது ஆள் இருப்பதுதான். அது உடனே சோதிக்கப்பட்டது. முதல் ஆட்டத்திலேயே ஹாவெர்ட்ஸ் முழங்காலோடு போனார், ஒரே வாரத்தில் எஸே வந்தார். நவம்பர் முதல் நாள் பர்ன்லியில் யோக்கெரெஸுக்குத் தசை பிடித்தது, மூன்று நாள் கழித்து ப்ராகில் மெரினோ மறுபடி முன்னால் நின்று இரண்டு கோல் அடித்து 3-0 என்று முடித்தார். முந்தைய வருடம் முதல் வழியே மெரினோதான். 2025 நவம்பரில் அவர் மூன்றாவது வழி.

யோக்கெரெஸ் ஸ்போர்ட்டிங்கில் ஒரே சீசனில் 39 லீக் கோல் அடித்தவர். இங்கேயும் அதே எண்ணிக்கையை எதிர்பார்க்கலாமா?

கூடாது. போர்ச்சுகலில் அவர் கோல்களில் பெரும்பகுதி இடது பக்கமாகத் திறந்த வெளியில் ஓடி, பின்வரிசைக்காரரைத் தோளால் தள்ளி அடித்தவை. ஆர்செனலுக்கு அந்தத் திறந்த வெளி அரிதாகத்தான் கிடைக்கும், முன்னிலை எடுத்தபின் கொஞ்சம் கிடைக்கும். அவரை வாங்கியதன் பலனை அங்கேதான் தேட வேண்டும். அணி 1-0 என்று முன்னிலையில் இருக்கும் கடைசி 25 நிமிடங்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். வெளியேற்றிய பந்தை எத்தனை முறை பிடித்துவைத்தார், எத்தனை முறை ஃபவுல் வாங்கினார், எதிரணியின் இரண்டு சென்டர்பேக்கும் மையக்கோட்டைத் தாண்டாமல் நின்றார்களா என்று. அவர் பெயரில் பத்துக் கோல் குறைந்தாலும், பறிபோன அந்த 21 புள்ளி பத்துக்குள் வந்துவிட்டால் கொடுத்த விலை சரி.